லிஃப்ட் கிட் டிஃபரன்ஷியலை உயர்த்தாது

"2 அங்குல லிஃப்ட் கிட் போட்டால் அடிப்பகுதி முழுக்க 2 அங்குலம் உயரும், டிஃபரன்ஷியல் பாறையில் இடிக்காது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். லிஃப்ட் கிட் என்பது சஸ்பென்ஷனில் மாட்டி வண்டியை உயர்த்தும் பாகங்கள்; டிஃபரன்ஷியல் என்பது ஆக்ஸிலில் புடைத்திருக்கும் கியர் பெட்டி. சாலிட் ஆக்ஸில் வண்டிக்கு, அதாவது இடது வலது சக்கரங்களை ஒரே விறைப்பான ஆக்ஸில் இணைக்கும் வண்டிக்கு, அவர் சொன்னது சரியில்லை. ஸ்பிரிங் இருப்பது ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவில். அதனால் கிட் தூக்குவது சேஸிஸையும் பாடியையும்தான். ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயர். அதிலும் விட்டம் 2 அங்குலம் கூடினால் டிஃபரன்ஷியலுக்குக் கீழே கிடைப்பது பாதி, 1 அங்குலம்தான்.

அதற்காக லிஃப்ட் வீண் என்று சொல்லவில்லை. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், மேட்டில் ஏறும்போது முன் பம்பரும் நடுவயிறும் தட்டுவது குறையும்.

வீட்டிலேயே கிட் மாட்டுகிறவர்கள் பிரேக் ஹோஸை (சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் வளையும் குழாய்) மறந்துவிடுகிறார்கள். சேஸிஸ் உயர்ந்ததும் அது இழுபடலாம். எனக்கு இதுதான் பெரிய கவலை. சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் நீளமான ஹோஸ் போட்டே ஆக வேண்டும். சக்கரத்துக்குப் போகும் ஏபிஎஸ் வயரும் அப்படித்தான். அப்புறம், பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும்.