பெம்ப்ரோக்: ஊரும் பட்டமும்

வேல்ஸிலுள்ள பெம்ப்ரோக் என்ற சிற்றூரின் பெயரைக் கொண்ட இடங்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அவை அனைத்தையும் வேல்ஸ் குடியேறிகளோடு இணைத்துவிடுகிறது. ஆனால் அவற்றில் முக்கியமான சில, 1138-இல் உருவாக்கப்பட்ட பெம்ப்ரோக் பிரபு பட்டத்தின் வழியாகவே அப்பெயரைப் பெற்றன. கேம்பிரிட்ஜின் பெம்ப்ரோக் கல்லூரியை 1347-இல் நிறுவிய மேரி டி செயின்ட் போல், அப்பட்டத்தை வகித்த அய்மர் டி வாலன்ஸின் கைம்பெண். 1624-இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரியும், தலைநகர் ஹாமில்டனைக் கொண்ட பெர்முடாவின் பெம்ப்ரோக் வட்டாரமும் மூன்றாம் பிரபு வில்லியம் ஹெர்பர்ட்டின் நினைவாகப் பெயரிடப்பட்டவை. ஹெர்பர்ட் குடும்பத்தின் இருப்பிடமோ வேல்ஸில் அன்று, இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள வில்டன் மாளிகை!

இத்தனைக்கும் மூலமான அந்தச் சிற்றூரைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது. அங்குள்ள கோட்டையில் பெம்ப்ரோக் பிரபுவாக இருந்த வில்லியம் மார்ஷல் எழுப்பிய, ஏறத்தாழ 80 அடி உயரமும் குவிந்த கல் கூரையும் கொண்ட வட்டக் கோபுரம் இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தை ஆண்ட டியூடர் வம்சத்தின் முதல் மன்னரான ஏழாம் ஹென்றி 1457-இல் பிறந்ததும் அதே கோட்டையில்தான். இரண்டாம் எலிசபெத் அரசி வாழ்நாளெல்லாம் வளர்த்த பெம்ப்ரோக் கோர்கி நாயினம் மட்டும், எந்தப் பிரபுவின் தயவுமின்றி, அந்த மண்ணிலிருந்தே நேரடியாகப் பெயர் பெற்றது.