திருவிருந்து அன்றைக்குமா பொன்னாடை?

போன ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து ஆராதனை; இயேசுவின் மரணத்தை நினைத்து அப்பமும் திராட்சை ரசமும் பெறும் ஆராதனை. பிரசங்கம் முடிந்து அப்பத்துக்கும் ரசத்துக்கும் மனதை ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் பொன்னாடைகள் வந்துவிட்டன. நன்கொடை தந்தவருக்கு ஒன்று, புதிய கமிட்டிக்காரர்களுக்கு ஆளுக்கொன்று, அப்புறம் போட்டோ. 25 நிமிடம் போனது. திருவிருந்தை அவசர அவசரமாக முடித்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த அப்பத்தைப் புசிக்கும்போதெல்லாம் கர்த்தருடைய மரணத்தைத் தெரிவிக்கிறோம் என்று அப்போஸ்தலன் பவுல் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 11-இல் எழுதுகிறார். அந்த நேரத்தில் இன்னொருவர் பெயருக்குக் கைதட்ட எப்படி மனம் வருகிறது? பாராட்ட வேண்டுமா, சரி, ஆராதனை முடிந்தபின் வெளியே மரத்தடியில் பாராட்டலாமே!

வீட்டிலும் குடும்ப ஜெபம் முழுக்க வேலை, விசா, கல்யாணம் என்று எங்கள் பட்டியல்தான். நேற்று எதுவும் கேட்காமல், இயேசுவின் சிலுவை மரணத்தைச் சொல்லும் மாற்கு 15-ஐ வாசித்து அவருக்கு நன்றி மட்டும் சொன்னோம்.