அம்மாவுக்கும் ஓர் இருக்கை வேண்டும்

நேற்று அம்மா மறுபடியும் கேட்டார்: "அந்த டேப்லெட் கச்சேரியெல்லாம் இப்ப வர்றதில்லையாப்பா?"

அவருக்கு 81 வயது. சிங்கப்பூரின் தோ பாயோவில் மூவறை வீடு. முழங்கால் தேய்ந்த பிறகு லிஃப்ட் வரை நடப்பதே அவருக்குப் பெரும்பாடு. ரயில் மாறி எஸ்பிளனேட் கலையரங்கத்துக்குப் போய், இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து திரும்புவதெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் 2020இல் வீட்டிலிருந்தே டேப்லெட்டில் அவர் பார்த்த கச்சேரிகள், அதற்கு முந்தைய பத்து வருடங்களில் பார்த்ததைவிட அதிகம்.

அந்த வருடம் கொவிட் பரவியதால் மார்ச் 26ஆம் தேதி இரவோடு இங்கே அரங்குகள் மூடப்பட்டன. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர், அதாவது எல்லாரும் வீட்டில் முடங்கிய ஊரடங்கு. மே மாதம் நடக்கவிருந்த சிங்கப்பூர் அனைத்துலகக் கலை விழா ரத்தானது. கலைத்துறைக்கு அரசு 55 மில்லியன் வெள்ளி ஒதுக்கியது. நிகழ்ச்சிகளை இணையத்துக்குக் கொண்டுபோகவும் அதில் உதவி இருந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் திரைக்குள் குதித்தோம்.

நான் மிருதங்கம் வாசிப்பவன். ஜூமில் எங்கள் முதல் ஒத்திகை இன்னும் நினைவில் இருக்கிறது. பாடகர் சுருதி போட்டார். இரண்டு நொடி தம்புரா கேட்டது, பிறகு மாயமாகிவிட்டது. அவர் வீட்டில் ஒலித்துக்கொண்டுதான் இருந்ததாம். மின்விசிறி, ஏர்கான் மாதிரி மாறாமல் ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று அந்தச் செயலி வடிகட்டிவிடும். மாறாமல் ஒலிப்பதுதானே தம்புராவின் வேலை! 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பைத் தேடிப்பிடித்து மாற்றிய பிறகுதான் சுருதி திரும்பி வந்தது.

தாளத்துக்கு அந்த வைத்தியமும் இல்லை. மேடையில் பாடகருக்கும் எனக்கும் இடையே இரண்டு மீட்டர்தான். அவர் குரல் ஆறு மில்லி நொடியில் என் காதுக்கு வந்துவிடும். இணையத்தில் அது சர்வசாதாரணமாக நூறைத் தாண்டும். அவர் வீவக அடுக்குமாடி புளோக்கின் பன்னிரண்டாம் மாடியில் பாட, நான் கீழ்த்தளத்தின் திறந்தவெளியான வாய்டெக்கில் உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம் அது. தாளம் தொடங்கும் 'சமம்' என்ற இடத்தில் இருவரும் சேரவே முடியாது. கடைசியில் தனித்தனியாகப் பதிவு செய்தோம். அவர் பாடி அனுப்பியதை நான் படுக்கையறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, இயர்போனில் கேட்டு வாசித்தேன். மேடையில், நான் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை என்ற முடிப்புக் கட்டம் முடியும்போது, பாடகர் என் பக்கம் திரும்பி ஒரு தலையசைப்பு கொடுப்பார். அன்று எதிரே அலமாரிதான் இருந்தது. இதை அனுபவித்ததால் சொல்கிறேன்: அரங்கத்துக்கு ஈடாகத் திரையை நான் எந்நாளும் சொல்லமாட்டேன்.

ஆனால் அம்மாவுக்கு வேறோர் அனுபவம். வாழ்நாளெல்லாம் மாடியின் கடைசி வரிசையில், விலை குறைந்த டிக்கெட்டில் பரதம் பார்த்தவர் அவர். அந்த நாட்களில் ஒரு பதத்தை, அதாவது அபிநயத்துக்கான பாட்டை, கேமராவைப் பக்கத்தில் வைத்து எடுத்திருந்தார்கள். நாயகி தோழியிடம் பேசிக்கொண்டே வாசலைப் பார்க்கும் இடம். அம்மா நிறுத்தி, பின்னால் தள்ளி, மூன்று முறை பார்த்தார். "இங்க வா, இந்தக் கண்ணைப் பாரு" என்று என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். இடக்கையில் டேப்லெட், வலக்கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

அதை எடுத்தவர்கள் திரைக்காக யோசித்திருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் முடித்தார்கள், பாட்டின் வரிகளைக் கீழே போட்டார்கள், கேமராவை முகத்தருகே கொண்டுபோனார்கள். அரங்கின் பின்சுவரில் ஒரே கேமராவை நட்டுவைத்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டவையும் நிறைய வந்தன. அவற்றை அம்மா பத்து நிமிடத்தில் மூடிவிடுவார்.

அதே மாதங்களில் தங்கும் விடுதிகளை விட்டு வெளியே வரமுடியாமல் இருந்த நம் ஊழியர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களில் உழைக்கும் தம்பிகள். அவர்கள் கையில் இருந்தது ஒரு கைப்பேசிதான், ஒரு தமிழ் நாடகமோ நாட்டுப்பாட்டோ போய்ச் சேர அது போதுமானதாக இருந்தது. இன்று வாரத்தில் ஒரே நாள் ஓய்வில் அவர்களில் எத்தனை பேரால் ஓர் அரங்கத்துக்கு வரமுடியும்?

அரங்குகளின் கதவு மறுபடியும் திறந்ததும் இணைய நேரலைகள் ஒவ்வொன்றாக நின்றன. செலவு என்கிறார்கள். செலவுதான், மறுக்கவில்லை. மூன்று கேமரா, நல்ல ஒலிப்பதிவு, உரிமம், ஆட்கள் எல்லாமே காசு. கலைஞருக்கும் ஒழுங்காகக் கொடுக்கவேண்டும். எங்கள் பதிவு ஒன்றை ஓர் ஏற்பாட்டாளர் ஒருமுறைக்கான சன்மானத்தைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் ஓடவிட்டார். கேட்டபோது "இணையத்தில்தானே, உங்களுக்கு விளம்பரம்" என்றார். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. எல்லாவற்றையும் இலவசமாக்கியது நாம் செய்த பெரிய தப்பு.

அதனால் நான் கேட்பது இலவசம் இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் எஸ்பிளனேடில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா வருகிறது, மற்ற அரங்குகளிலும் வருடம் முழுக்க நிகழ்ச்சிகள். பத்தில் இரண்டையாவது வீட்டுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பத்து வெள்ளி டிக்கெட் போடுங்கள், ஒரு வாரம் பார்க்கவிடுங்கள், அதில் கலைஞருக்கு என்ன பங்கு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். விடுதிகளுக்கான டிக்கெட்டை வாங்கிக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், நான் அதில் ஒருவன்.

எந்த அரங்கமாவது முயற்சி செய்வதாக இருந்தால், மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கும் இடப்பக்கமான தொப்பிக்கும் மைக் எங்கே வைத்தால் வீட்டில் நன்றாகக் கேட்கும் என்று சொல்லித்தர ஒத்திகைக்கு நானே வருகிறேன். உள்பெட்டியில் எழுதுங்கள்.