செத்தது நானா, அவளா?

போன சனிக்கிழமை தம்பி குடும்பத்தோடு ஈரோட்டிலிருந்து வந்திருந்தான். குழந்தை தூங்கியதும் என் கணினி முன்னால் உட்கார்ந்து பால்டர்ஸ் கேட் 3 என்ற விளையாட்டை ஆரம்பித்தான். ஏற்கெனவே ஒருமுறை முழுசாக முடித்தவன்தான், மறுபடியும் முதலிலிருந்து. கேரக்டர் உருவாக்கும் திரையிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. முகம், புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு, நரைத்த முடி. கடைசியில் பார்த்தால் ஒரு பெண். பெயர்ப் பெட்டியில் ராமாத்தா என்று அடித்தான்.

"ஏனுங்க, எப்பப் பார்த்தாலும் எதுக்குப் பொம்பளையவே எடுக்கறீங்க?" என்று அவன் மனைவி கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாலும் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நூறு மணி நேரம் பின்னாடி இருந்து பார்த்துட்டே இருக்கணும். ஆம்பளை முதுகையா பார்த்துட்டு இருப்பாங்க?"

பெண் கேரக்டர் எடுக்கும் ஆண்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். கேமரா முதுகுக்குப் பின்னால் நிற்கும் விளையாட்டுகளில் இது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பால்டர்ஸ் கேட்டில் பெரும்பாலும் மேலேயிருந்துதான் பார்க்கிறோம். முதுகே சரியாகத் தெரியாது. அதை விடுங்கள், எனக்கு இவனை முப்பது வருஷமாகத் தெரியும். அவன் கேரக்டர் சண்டையில் விழும்போது அவன் வாயிலிருந்து வருவது "அவ செத்துட்டா" அல்ல. "அய்யோ, நான் செத்துட்டேன்."

இந்த ஒரு சொல்லை நான் பல வருஷமாகக் கவனித்து வருகிறேன். தமிழில் அவன், அவள் என்று வந்துவிட்டால் வினைச்சொல்லே பாலினத்தைக் காட்டிவிடும். போனான், போனாள், தப்பிக்கவே முடியாது. ஆனால் நான், நீ என்று பேசும்போது அது இருக்காது. "நான் குதிச்சேன்" என்று சொன்னவர் ஆணா பெண்ணா என்று வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. விளையாடுகிறவர் தன் கேரக்டரை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். "அவளை மாடிக்கு ஏத்தினேன்" என்கிறவருக்கு அது ஒரு பொம்மை, அழகாக உடுத்தி நடக்க வைத்துப் பார்க்கிறார். "நான் மாடிக்கு ஏறினேன்" என்கிறவர் அதற்குள்ளே இருக்கிறார். முதலாமவருக்கு முதுகு பதில் சரி. இரண்டாமவர் அதைச் சொன்னால் வேறு எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம்.

2014இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆடுகிற 375 பேரை ஆய்வுக்கென்றே அமைத்த ஒரு சிறு பயணத்தில் விளையாடவிட்டு, யார் என்ன செய்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். ஆண்களில் 23 சதவீதம் பேர் பெண் கேரக்டர் எடுத்தார்கள். பெண்களில் ஆண் கேரக்டர் எடுத்தவர்கள் 7 சதவீதம்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அடுத்து வந்த விஷயம். பெண் கேரக்டர் எடுத்த ஆண்கள் அழகான முகத்தை, அழகான முடியைத் தேர்ந்தெடுத்தார்கள். சாட்டில் உணர்ச்சிச் சொற்களையும் ஆச்சரியக்குறிகளையும் மற்ற ஆண்களைவிட அதிகம் போட்டார்கள். ஆனால் உடம்பு மட்டும் மாறவில்லை. மற்ற ஆண்களைப் போலவே சும்மா சும்மா குதித்தார்கள், கூட்டத்தைவிட்டுத் தள்ளி நின்றார்கள், பின்பக்கமாகவே நடந்தார்கள். பேச்சில் மட்டும் பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று தாங்கள் நினைத்துவைத்திருந்ததைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அந்த 7 சதவீதத்துக்கு வருகிறேன். நான் அதில் இருந்தவள்.

கோவையில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தபோது ஓர் ஆன்லைன் விளையாட்டில் சேர்ந்தேன். எது என்று சொல்லப்போவதில்லை. முதலில் என் பெயரிலேயே, பெண் கேரக்டராகத்தான் சேர்ந்தேன். முதல் வாரம் எல்லாரும் பொருள் கொடுத்தார்கள், கத்தி, கவசம், காசு. இரண்டாவது வாரம் போன் நம்பர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து, எந்த ஊருக்குப் போனாலும் பின்னாலேயே வந்து, எழுதக் கூசும் வார்த்தைகளை எழுதினார்கள். அந்தக் கவசத்தையும் காசையும் சொல்லிக் காட்டினார்கள். இரண்டு மாதத்தில் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, கார்த்தி என்று இன்னொன்று தொடங்கினேன். தாடி வைத்த ஆள், பெரிய கோடாலி.

மூன்று வருஷம் கார்த்தியாக இருந்தேன். அந்த மூன்று வருஷமும் என் மைக் "பழுது". பெரிய சண்டைக்கு முன்னால் எல்லாரும் ஹெட்செட் போடச் சொல்வார்கள். நான் மட்டும் டைப் செய்வேன், "மைக் வேலை செய்யல". மதுரைப் பையன் ஒருவன் எங்கள் குழுவில் இருந்தான், பன்னிரண்டாம் வகுப்பு. என்னை அண்ணா என்று கூப்பிடுவான். பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டது என்று வீட்டில் சொல்வதற்கு முன்னால் என்னிடம்தான் சொன்னான். விடிய விடிய டைப் செய்து தைரியம் சொன்னேன். "உங்க குரலை ஒரு தடவை கேக்கணும்ணா" என்றான். மைக் பழுது என்றேன். படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் யாரிடமும் சொல்லாமல் விளையாட்டைவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பையனிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

இந்தக் காலமெல்லாம் என் தம்பி அதே விளையாட்டில் பெண் கேரக்டராக இருந்தான். அவனுக்கும் பொருள் கொடுத்தார்கள், அவனுக்கும் நம்பர் கேட்டார்கள். அவன் மைக்கை ஆன் செய்து "டேய்" என்றால் போதும், ஓடிவிடுவார்கள். எனக்கு அந்த "டேய்" இல்லை. அதனால்தான், விளையாடுகிறவர்கள் ஏன் பாலினத்தை மாற்றித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பொதுவாகப் பேசும்போது எனக்கு மனசு ஒப்புவதில்லை. அவன் தேர்ந்தெடுத்தான். நான் ஒளிந்துகொண்டேன். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. அந்த 7 சதவீதத்தை முதலில் படித்தபோது இவ்வளவு குறைவா என்று நினைத்தேன். மற்ற 93 பேரும் பெண்ணாகவே அங்கே நின்றிருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் மரியாதையாக இருக்கிறது.

தனியாக விளையாடும் விளையாட்டில் நான் ஒருமுறைகூட ஆணை எடுத்ததில்லை. அதற்குக் காரணம் மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளிக் கதை விளையாட்டு. 2007இல் முதல் பாகம் வந்தது, நான் பிடித்தது சில வருஷம் கழித்து. அதில் நாம் ஆடும் கமாண்டர் ஷெப்பர்டை ஆணாகவும் எடுக்கலாம், பெண்ணாகவும் எடுக்கலாம். ஆணுக்கு மார்க் மீர் குரல், பெண்ணுக்கு ஜெனிஃபர் ஹேல் குரல். வசனம் பெரும்பாலும் ஒன்றே. எனக்கு எல்லாம் அதில்தான் இருந்தது. ஒரு பெண்ணுக்கென்று தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் எங்காவது கொஞ்சம் தயங்க வைத்திருப்பார்கள், எங்காவது பெண்ணாயிற்றே என்று ஒருவனைச் சொல்ல வைத்திருப்பார்கள். இங்கே அது மிகக் குறைவு. உத்தரவு போடுகிறாள், கேட்கிறார்கள். முடிவு தப்பாகப் போனால் பழியும் அவள்மேல்தான். ஜெனிஃபர் ஹேல் சத்தம் போடாமலே அதிகாரமாகப் பேசுவார். முதல் தடவை அதைக் கேட்டபோது ஹாஸ்டலில் டைப் செய்துகொண்டிருந்த கார்த்தி ஞாபகம் வந்தது. பெண்ணாகவும் இருக்கலாம், யாரும் பின்னால் வர மாட்டார்கள்.

ஆனால் விளம்பரங்களிலும் அட்டையிலும் ஆண் ஷெப்பர்ட் முகம்தான். பெண் ஷெப்பர்டாக விளையாடியவர்கள் 18 சதவீதம் என்று நிறுவனம் 2011இல் சொன்னது. மூன்றாம் பாகத்துக்குத்தான் பெண் ஷெப்பர்டுக்கும் ஒரு டிரெய்லர் வந்தது, திருப்பிப் போட்டால் அவள் முகம் தெரியும் அட்டையும் வந்தது. மூன்று பாகங்களையும் புதுப்பித்து 2021இல் வெளியிட்டபோது எண்ணிக்கை 32 சதவீதம். இடையில் வருஷங்கள் ஓடியிருக்கின்றன, விளையாடுகிறவர்களும் மாறியிருக்கிறார்கள், சரி. அப்படியே வைத்துக்கொண்டாலும், அட்டையில் யார் முகம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கை போவது இயல்புதான். அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி என்ற விளையாட்டில் 2018இல் அலெக்ஸியோஸ், கசாண்ட்ரா என்று இருவரில் ஒருவரை எடுக்கவிட்டார்கள். முதலில் கசாண்ட்ரா மட்டுமே நாயகியாக இருக்க வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் விரும்பினார்கள், பெண் தனியாக நின்றால் விற்காது என்று மேலிடம் நினைத்தது என 2020இல் செய்தி வந்தது. விளையாடியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அலெக்ஸியோஸைத்தான் எடுத்தார்கள். "பார்த்தீர்களா" என்று அதைக் காட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. யாரை முன்னால் நிறுத்தினீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

விதிகளிலேயே இது எழுதப்பட்டிருந்த காலமும் உண்டு. மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 1978இல் வந்த விதிப்புத்தகத்தில் மனித ஆணின் பலம் 18/00 (இங்கே 00 என்றால் நூறு) வரை போகலாம், பெண்ணுக்கு 18/50தான் உச்சம். 2002இல் வந்த மாரோவிண்ட் என்ற கணினி விளையாட்டில்கூட ஒரே இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆரம்ப மதிப்பெண்கள் வேறு வேறு. அதே தொடரில் வந்த ஸ்கைரிமில்தான், 2011இல், அதை எடுத்துவிட்டார்கள். கொரியாவின் ரக்னராக் ஆன்லைனில் முன்பெல்லாம் கணக்கு தொடங்கும்போதே ஆணா பெண்ணா என்று சொல்லிவிட வேண்டியிருந்தது. அப்புறம் அந்தக் கணக்கில் எத்தனை கேரக்டர் உருவாக்கினாலும் அதேதான். பாணர் ஆக வேண்டுமென்றால் ஆண், நடனக்காரி ஆக வேண்டுமென்றால் பெண். வரம்பு இப்படி இருக்கும்போது அதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

இப்போது பால்டர்ஸ் கேட்டில் உடல் தனி, குரல் தனி, உங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதும் தனி. எதை எதோடு வேண்டுமானாலும் சேர்க்கலாம். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு திருநங்கை, வீட்டில் யாருக்கும் சொல்வதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே எல்லா விளையாட்டிலும் பெண்ணாகத்தான் இருந்தார். "அங்கதான் என்னை முதல்ல அவள்னு சொன்னாங்க" என்றார். என் தம்பிக்கு நான் என்ற சொல் போதும். அவருக்கு அடுத்தவர் வாயிலிருந்து வரும் அவள் வேண்டியிருந்தது. அந்தத் திரையில் ஒரு பட்டன் கூடுதலாக இருப்பது யாருக்கு என்ன கஷ்டம்?

சரி, தம்பிக்கு வருகிறேன். அவன் மனைவி தூங்கப் போன பிறகு மறுபடி கேட்டேன். "முதுகுக் கதையெல்லாம் வேண்டாம். நிஜத்தைச் சொல்லு."

கொஞ்ச நேரம் பேசாமல் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தான். "ஆம்பளையா இருந்தா எவனாவது முறைச்சா உடனே அடிக்கணும்னு தோணுதுக்கா. நாலு பதில் இருக்கும், திட்டற பதிலைத்தான் கை அமுக்குது. பொம்பளையா இருந்தா நிதானமா நாலையும் படிக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. பெண் என்றால் பொறுமை என்று நீயும் நினைக்கிறாய், சாட்டில் ஆச்சரியக்குறி போட்டவர்களுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"பொறுமையா? நம்ம அமுச்சி பொறுமையாவா இருந்துச்சு?"

அப்போதுதான் பெயர் உறைத்தது. ராமாத்தாள் எங்கள் அம்மாவைப் பெற்றவள். தாத்தா போன பிறகு தோட்டத்துச் சாளையில் ஒரு டார்ச்சும் ஒரு நாயும் துணை என்று தனியாக இருந்தவள். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் பத்து ஆண்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். அமுச்சி திண்ணையில் உட்கார்ந்து எல்லாரையும் கத்தவிடும். எல்லாரும் களைத்த பிறகு ஒரே ஒரு வாக்கியம் பேசும். அதற்கு மேலே பேச்சு இருக்காது. புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு, மாடு முட்டியது. அவன் திரையில் அதைச் சரியான பக்கத்தில், இடப்பக்கத்தில் போட்டிருந்தான்.

"அது மாதிரி எனக்குப் பேச வராதுக்கா. அதுவா இருந்தா வருது."

நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவன் குளிக்கப் போயிருந்தபோது நான் அந்த சேவ் செய்த விளையாட்டைத் திறந்தேன். தோப்பு வாசலில் காப்லின் என்ற குட்டி அரக்கர்கள் வந்து நிற்கிறார்கள். நரைத்த முடியோடு ராமாத்தா அந்தக் கதவுக்கு முன்னால். நான் மவுஸைத் தொட்டதும், தலையைத் துவட்டிக்கொண்டே கதவருகில் வந்து கத்தினான்.

"அக்கா, பார்த்து! என்னைக் கொன்னுறாத!"