தாழியை வனைந்தவர் எங்கே?

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெளியூர் உறவினரை அழைத்துச் செல்பவர்கள் பெரும்பாலும் நேராக வெண்கலச் சிலைகளிடம் போய், திருவாலங்காட்டு நடராசர் முன் நெடுநேரம் நின்று, அமராவதிச் சிற்பங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரின் பழைய இடுகாட்டில் அகழ்ந்தெடுத்த பொருள்களும், கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்த ஆட்டுக்கடா வடிவ ஈமப்பேழையும், நீலகிரி ஆணையராக இருந்த பிரீக்ஸ் 1870களில் நீலகிரிக் கல்வட்டங்களிலிருந்து திரட்டிய, மூடிமேல் எருமையும் பிற விலங்குகளும் நிற்கும் சாடிகளும் இருக்கின்றன. இவற்றின் முன் நிற்பவர்கள் குறைவு. நிற்பவர்களும் "எத்தனை ஆண்டுப் பழசு?" என்று கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இதற்காகப் பார்வையாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மட்பாண்டம் என்றால் காலத்தை நிறுவும் சான்று என்று நம் அருங்காட்சியகங்களே நமக்குப் பழக்கிவிட்டன. அது ஒருவர் கையால் வனைந்த கலைப்பொருளும்கூட என்பதைச் சொல்ல அவை முனைவதில்லை என்பதே என் குறை.

கீழடி இந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கிவிட்டது. கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்ற காலக்கணிப்பு வெளியானபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டதும் நல்ல காரியந்தான். ஆனால் ஆதன், குவிரன் என்று பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளைப் பற்றி நாம் பேசும்போது எழுத்தை மட்டும் பேசிவிட்டு, அது கீறப்பட்ட பானையை எழுதிய தாளைப் போலத் தள்ளி வைத்துவிடுகிறோம். அந்தப் பானை எப்படி அத்தனை மெல்லிய சுவரோடு, அத்தனை மெருகோடு வந்தது என்று கேட்பவரைக் காண்பது அரிது.

கேட்டால் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. கருப்பு-சிவப்புப் பானையின் உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்து, வெளிப்புறம் சிவந்திருப்பது வண்ணம் பூசியதால் வந்ததன்று. களிமண்ணில் உள்ள இரும்பு, சூளையில் காற்று தாராளமாகப் படும் இடத்தில் சிவக்கிறது. காற்று தடைபட்டுப் புகை தேங்கும் இடத்தில் பானை கறுக்கிறது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் இரண்டும் ஒரே சூட்டில் நடந்துவிடும் என்பது ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். தீயையே தூரிகையாகக் கொண்ட இந்த வேலைக்கு எத்தனை தலைமுறைக் கைப்பழக்கம் வேண்டியிருந்திருக்கும்! இறந்தவரைப் புதைக்கப் பயன்பட்ட, ஓர் ஆள் உட்காரக்கூடிய தாழியோ சக்கரத்தில் ஒரே மூச்சில் எழும்பி வருவதன்று. அடியை ஒருமுறை, உடலை ஒருமுறை, கழுத்தை ஒருமுறை என்று ஒவ்வொரு பகுதியும் தன் எடையைத் தாங்கும் அளவுக்கு உலர விட்டு, அதன்மேல் அடுத்ததை வளர்க்க வேண்டும். 2004-05 ஆதிச்சநல்லூர் அகழாய்வில் கிடைத்த ஓட்டில் ஒரு பெண், கொக்கு, மான், முதலை ஆகிய உருவங்கள் மண்ணை ஒட்டிப் புடைப்பாகச் செய்யப்பட்டிருந்தன. இறந்தவரோடு புதையப்போகும் பானையில் ஒருவர் பொறுமையாக ஒரு காட்சியை அமைத்திருக்கிறார் என்றால், அதைக் கலை என்றல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

நம் பழைய இலக்கியத்துக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்தவள், "கலம்செய் கோவே" என்று குயவரையே விளித்து, தனக்கும் இடமிருக்கும்படி ஈமத்தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். அரசனையோ தெய்வத்தையோ அவள் அழைக்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்குத் தேவைப்பட்டவர் வனைபவர். நம் காட்சிப்பெட்டிகளில் ஊர் உண்டு, காலம் உண்டு, அகழ்ந்த அதிகாரியின் பெயர்கூட உண்டு. அந்தக் குயவர் மட்டும் இல்லை. பெயர் தெரியாது என்பது சரியான பதிலாகாது. பெயர் தெரியாவிட்டாலும் அவர் கை செய்த வேலை கண்ணுக்கு எதிரே இருக்கிறது.

நவீன மட்கலைக்கு நாம் கொடுக்கும் மதிப்பைப் பாருங்கள். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்திலிருந்து இந்தியாவின் முக்கியமான செராமிக் கலைஞர்கள் பலர் உருவானார்கள். அவர்களின் படைப்பு ஒன்று கண்காட்சிக்கு வந்தால் பெயர், ஆண்டு, மண்ணின் வகை, மெருகுப் பூச்சு, சூளையின் வகை வரை எழுதி வைக்கிறார்கள். அது முறைதான். அதே அக்கறை இரும்புக்காலத் தாழிக்கும், இன்று ஐயனார் குதிரை செய்யும் குயவரான வேளாருக்கும் கிடைக்காதது ஏன்? வில்லியனூர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது சுடுமண் கலைஞர் ஒருவரின் பெயர் செய்தித்தாளில் வந்தது. அது விதிவிலக்காகவே நின்றுவிட்டது. கையெழுத்திட்ட மண் கலை, கையெழுத்திடாத மண் தொல்பொருள் அல்லது கைவினை என்ற இந்தப் பாகுபாட்டுக்கு மண்ணில் எந்த ஆதாரமும் இல்லை.

குதிரைகளைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. புரவி எடுப்பு என்ற நேர்த்திக்கடன் விழாவில் கோயிலுக்குப் போகும் சுடுமண் குதிரை பாதுகாக்கப்படுவதற்காகச் செய்யப்படுவதன்று. வெயிலிலும் மழையிலும் அது சிதைய வேண்டும். அடுத்த நேர்த்திக்குப் புதியது வர வேண்டும். அப்போதுதான் வேளாருக்கு வேலையும் அவர் பிள்ளைக்குப் பயிற்சியும் இருக்கும். ஒரு குதிரையைக் கூரைக்குள் கொண்டுவந்து நிறுத்தும்போது உருவம் பிழைக்கிறது, வழக்கம் வெளியே நின்றுவிடுகிறது. முட்டுக்காட்டில் உள்ள கைவினை அருங்காட்சியகமான தட்சிணசித்ராவில் குயவர் வனைவதையும் பார்க்க முடிவதால் அந்தக் குறை அங்கே ஓரளவு தீர்கிறது. (ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளைச் சக்கரத்தை விட்டு எழுப்புவதுதான் பெரும்பாடு.) லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2009இல் தன் செராமிக் கூடங்களைப் புதுப்பித்தபோது, இன்றைய ஆங்கிலேய மட்கலைஞர் எட்மண்ட் டி வால் வனைந்த 425 கலங்களைப் பழைய சேகரிப்புக்கு மேலே, குவிமாடத்தைச் சுற்றி அடுக்கி வைத்தது. இன்றைய குயவரின் கலங்கள் முன்னோர் செய்தவற்றோடு ஒரே கூடத்தில் இருக்கின்றன. நமக்கு அவ்வளவு செலவும் வேண்டியதில்லை.

சென்னையில் இதற்கான எல்லாமே ஏற்கெனவே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி; அங்கே இன்றும் செராமிக் ஒரு பாடம். அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே நடந்தே போகலாம். அந்த மாணவர்கள் பழைய கருப்பு-சிவப்புக் கிண்ணமொன்றை அளந்து, ஊர் மண்ணை எடுத்து, மானாமதுரையிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ ஒரு குயவரை ஊதியம் கொடுத்து வரவழைத்து, அவரோடு சேர்ந்து வனைந்து சுடட்டும். சரியாக வந்ததையும், வெடித்துப்போனதையும், கறுப்பு ஏறாமல் போனதையும் பழைய கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைக்கட்டும். பானையின் சுவரை வெளியிலிருந்து தட்டும் பலகையும், அதற்கு எதிராக உள்ளே பிடிக்கும் கல்லும் பெட்டிக்குள் இருக்கட்டும். குறிப்புப் பலகையில் காலத்துக்குக் கீழே இன்னும் நான்கு வரி சேர்த்து, மண் எப்படிப்பட்டது, சக்கரத்தில் எழுந்ததா கையால் வளர்ந்ததா, எப்படிச் சுட்டார்கள், எந்தப் பகுதி பிற்காலத்தில் ஒட்டிச் சேர்த்தது என்று தமிழில் எழுதட்டும். குயவருக்கு அந்தப் பலகையில் பெயரும் வர வேண்டும், மாணவரின் பெயருக்கு மேலே.