ரெகுலேட்டரைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் கேட்பது அவ்வளவு பெரிய குற்றமா?

ஸ்கூபா டைவ் அடிக்கும்போது, கடலில் 18 மீட்டர் ஆழத்தில் என் உயிர் வாயில் கவ்வியிருக்கும் ஒரு ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தருகிற கருவியை, நம்பி இருக்கிறது. அதைக் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள் என்று வாடகைக்குக் கொடுக்கிறவரிடம் கேட்டால் உடனே முகம் மாறிவிடுகிறது. "அதெல்லாம் பக்காவா இருக்கு சார், ஏறுங்க ஏறுங்க, அடுத்த பேட்ச் வெயிட் பண்ணுது." புதுச்சேரியிலும் இதைக் கேட்டிருக்கிறேன், ஹேவ்லாக்கிலும் கேட்டிருக்கிறேன் (2018 கடைசியில் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், டைவ் அடிக்கிறவர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான்). பதில் மட்டும் மாறுவதே இல்லை. எல்லாக் கடைகளும் இப்படி என்று சொல்லமாட்டேன், நல்ல கடைகளிலும் டைவ் அடித்திருக்கிறேன், அதனால்தான் மற்ற இடங்களைப் பார்க்கும்போது இவ்வளவு கோபம் வருகிறது. செய்ய முடிகிற காரியம்தானே இது?

பெரும்பாலான கம்பெனிகள் ரெகுலேட்டரை வருஷத்துக்கு ஒரு முறையாவது சோதித்துப் பார்க்கச் சொல்கின்றன. உள்ளே ஓ-ரிங் (ரப்பர் வளையம்), வால்வு சீட் என்று தேயக்கூடிய சின்னச் சின்ன பாகங்கள் இருக்கின்றன, உப்பு படியும், மணல் புகும். தினமும் பல பேர் வாய்க்குப் போய்வரும் வாடகை ரெகுலேட்டருக்கு இது இன்னும் முக்கியம். ஆனால் இவர்கள் கழுவுகிற லட்சணத்தை நின்று பாருங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டுகிற பகுதி) மூடியைப் போடாமலே நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் அப்படியே முக்கி எடுத்து, உதறி, கம்பியில் மாட்டிவிடுகிறார்கள். அந்த வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் உலோகம் அரிக்கும் என்று முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. அந்த வகுப்பை நடத்துகிறவர்களே தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போன சீசனில் நடந்ததைச் சொல்கிறேன். படகில் பிசிடி (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்கிற ஜாக்கெட்), ரெகுலேட்டர் எல்லாம் அவர்களே சிலிண்டரில் மாட்டி வைத்துவிட்டார்கள். நான் எப்போதும் செய்கிற மாதிரி பிரஷர் கேஜைக் கண் முன்னால் பிடித்துக்கொண்டு ரெகுலேட்டரில் நன்றாக இழுத்து மூச்சு விட்டுப் பார்த்தேன். 200 பாரில் நின்ற முள், இழுத்த உடனே சடாரென்று கீழே இறங்கி, மூச்சை விட்டதும் மெல்ல மேலே ஏறியது. மறுபடி இழுத்தேன், மறுபடி அதே ஆட்டம். சிலிண்டர் வால்வை ஒரு சுற்றுகூட முழுசாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். கூப்பிட்டுக் காட்டினால் அந்தத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "கீழ போனா சரியாயிடும்ணா" என்கிறான்.

கீழே போனால் சரியாகாது, மோசமாகும்! 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அதே ஒரு மூச்சுக்கு அங்கே மூன்று மடங்கு காற்று அந்த வால்வு வழியாக வந்தாக வேண்டும். படகில் உட்கார்ந்து இழுக்கும்போது எப்படியோ போதுமாக இருக்கிற அந்தச் சின்னச் சந்து, ஆழத்தில் மூச்சையே அடைத்துவிடும். சிலிண்டர் நிறையக் காற்று இருக்கும், உங்களுக்குக் கிடைக்காது. ஆக்டோபஸ் (அவசரத்துக்கு மூச்சு விட இன்னொரு வாய்ப்பகுதி) இருக்கிறதே என்பீர்கள், அதுவும் அதே வால்விலிருந்துதான் வருகிறது. வால்வை நானே முழுசாகத் திறந்துகொண்டேன், அது பெரிய வேலையே இல்லை. ஆனால் அன்றைக்கு அதே படகில் முதல் முறையாகக் கடலுக்குள் போக வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? முள்ளைப் பார் என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? எழுந்துபோய் அவர்களுடைய வால்வுகளையும் நான்தான் பார்த்தேன். அதற்கும் முறைப்பு.

எல்லாவற்றுக்கும் காரணம் அவசரம். ஒரு காலைக்குள் எத்தனை பேட்ச் ஓட்டலாம் என்பதே கணக்கு. மருத்துவக் கேள்வித்தாளை நீட்டி "எல்லாத்துக்கும் நோ போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள். ஆஸ்துமா இருக்கிறவரும் நோ, பி.பி. மாத்திரை போடுகிறவரும் நோ. தண்ணீருக்குள் இறங்க உடம்பில் கட்டுகிற எடைக்கட்டியிலும் அதே கதைதான். ஒருவருக்கு எத்தனை கிலோ வேண்டும் என்பதை மேலே தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பிசிடியைக் காலி செய்து, மூச்சை இழுத்துப் பிடித்தால் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். அந்த இரண்டு நிமிடம் மிச்சமாகட்டும் என்று ஆள் பார்த்து ஒரு குத்துமதிப்பில் கூடுதலாகவே கட்டிவிடுகிறார்கள், கல்லு மாதிரி இறங்குவார் இல்லையா, வேலை முடிந்தது. இறங்குகிறவர் பவளத்தின் மேல் முழங்காலை ஊன்றுகிறார், ஃபின்ஸால் (காலில் மாட்டுகிற துடுப்பு) அடிக்கிறார், உடைகிறது. வளர அத்தனை வருஷம் எடுத்துக்கொண்ட பவளம். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

மாஸ்க் இன்னொரு தலைவலி. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப் நிறைய மாஸ்க்கைக் கொட்டி வைத்து, கைக்கு வந்ததை எடுத்துக்கொடுத்து "எல்லா முகத்துக்கும் செட் ஆகும்" என்கிறார்கள். ஆகாது. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள், கையை எடுத்தாலும் ஒட்டி நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அது உங்கள் மாஸ்க் இல்லை. அதிலும் நம் ஊர் மீசைக்கு ஓரம் சரியாகப் பதியாது, மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு மழித்துக்கொண்டால் பெரும்பாலும் கசிவு நிற்கும். இதை எந்தக் கடையிலாவது முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்களா? பழைய மாஸ்க்கின் சிலிக்கான் விறைத்துப்போய், பட்டை வெடித்து, கொக்கி ஆடிக்கொண்டிருக்கும், அதைத்தான் தலையில் மாட்டுகிறார்கள்.

"அவ்வளவு பயம்னா சொந்தமா வாங்கிக்க வேண்டியதுதானே" என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாங்கலாம், வாங்கவும் வேண்டும், ஆனால் எதை முதலில் வாங்குவது என்று சரியாகச் சொல்கிறவர் யாரும் இல்லை. கோர்ஸ் முடித்த கையோடு நம் ஆட்கள் போய் நிற்பது கோப்ரோ கேமரா கடையில். முகத்துக்குப் பொருந்துகிற மாஸ்க் ஒன்று முதலில் வாங்குங்கள், விலையும் கைக்கு அடக்கம், பையில் இடமும் அடைக்காது. புதுசாக இருந்தால் கண்ணாடியின் உள்பக்கம் சாதாரண டூத்பேஸ்ட் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், தயாரிக்கும்போது படிந்த படலம் போகாவிட்டால் பனி மூடிக்கொண்டே இருக்கும். அடுத்தது டைவ் கம்ப்யூட்டர். ஆழம், நேரம், மேலே ஏறுகிற வேகம் எல்லாம் உங்கள் கையிலேயே தெரியும், டைவ் முடிந்தபின் விமானம் ஏற எத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்றும் காட்டும். பல டைவ் அடித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் என்பதுதான் பொதுவான விதி. ஆனால் அந்தமான் பேக்கேஜ் போடுகிறவர்கள் சிலர் மதியம் டைவ், மறுநாள் காலை விமானம் என்று கூச்சமே இல்லாமல் அட்டவணை போடுகிறார்கள். ரெகுலேட்டர் அதற்கப்புறம். பிசிடி, ஃபின்ஸ், வெட்சூட் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போக எல்லோராலும் ஆகுமா? உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி, இறக்குமதி வரியோடு சேர்த்து விலையும் எங்கோ நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை விடுமுறையில் டைவ் போகிறவர் வாடகைக்குத்தான் எடுப்பார். அதற்குத்தானே காசு வாங்குகிறீர்கள்?

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. படகு கிளம்பும் முன்னால் ஐந்து நிமிடம், ஒவ்வொருவரும் தன் காற்றை இழுத்துப் பார்க்க, பிசிடியில் காற்றை ஏற்றி இறக்க, எடைக்கட்டியின் கொக்கியை ஒரு முறை திறந்து மூட. ஒவ்வொரு ரெகுலேட்டரிலும் கடைசியாக சர்வீஸ் செய்த தேதியை எழுதி ஒரு பிளாஸ்டிக் டேக். சிலிண்டரைச் சோதித்த தேதியை அதன் தோளிலேயே அடித்துத் தருகிறார்கள், யார் வேண்டுமானாலும் குனிந்து படிக்கலாம். அந்த சிலிண்டரில் மாட்டுகிற ரெகுலேட்டருக்கு ஒரு தேதி எழுத உங்களுக்கு என்ன கஷ்டம்?