பாலத்தை ஒரு வரியிலும் காலணிகளைச் சொல்லாமலும் கடக்கலாமா?

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டில் பார்க்க வேண்டிய இடங்களைத் தொகுத்து நீங்கள் வெளியிட்ட கட்டுரை நாடாளுமன்றத்தையும் புடா கோட்டையையும் நன்றாகவே அறிமுகப்படுத்துகிறது; ஆனால் சங்கிலிப் பாலத்தை ‘இரவில் படமெடுக்க ஏற்ற இடம்’ என்று மட்டும் சொல்லிக் கடந்திருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. டான்யூப் ஆற்றின் மேற்கே குன்றுகளின் மேல் அமைந்த புடாவும் கிழக்கே சமவெளியில் வளர்ந்த பெஸ்ட்டும் தனித்தனி நகரங்களாக இருந்த காலத்தில், 1849இல் திறக்கப்பட்ட இப்பாலமே அவற்றை இணைத்த முதல் நிரந்தரப் பாலமாகும். அதற்கு முன்பிருந்த மிதவைப் பாலத்தை, ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்து வரும் குளிர்காலத்தில் அகற்றிவிட வேண்டியிருந்தது. அருகிலிருந்த ஓபுடா நகரையும் சேர்த்து மூன்றும் ஒரே நகரமானது 1873இல்தான். 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மானியப் படையினர் தகர்த்த பாலத்தை, முதல் திறப்பின் நூற்றாண்டான 1949இல் மீண்டும் திறந்தார்கள்.

நாடாளுமன்றத்துக்குத் தெற்கே, பெஸ்ட் கரையோரத்தில் வரிசையாக நிற்கும் இரும்புக் காலணிகளைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. 1944–45இல் ‘அம்புச் சிலுவை’ என்னும் ஹங்கேரிய பாசிசக் கட்சியினர், யூதர்களைக் காலணிகளைக் கழற்றச் செய்து, ஆற்றங்கரையில் நிறுத்திச் சுட்டுக்கொன்றதன் நினைவாக, 2005இல் நிறுவப்பட்ட 60 இணைக் காலணிகள் அவை. குழந்தைகளின் காலணிகளும் அவற்றுள் உண்டு. கோபுரங்களை அண்ணாந்து பார்த்தபடி நடப்பவர்கள் அந்த இடத்தில் சற்றே தலைகுனிந்து நிற்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

1896ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் சுரங்க ரயிலையும் அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுங்கள்.